இடப்பக்கமும் வலப்பக்கமும்

புனேயை ஒட்டிய போசரியில் பல்சக்கரம் செய்யும் ஆலை ஒன்றில் இருபத்தாறு வருடம் அளவு பார்த்தவர் ஸ்டெல்லா. ஆலையை மூடியதும், புனேயிலேயே ஓர் ஆய்வுக்கூடத்தில் பழந்தின்னி வௌவால்களின் மண்டையோடுகளை அளக்கும் வேலை கிடைத்தது. தூரத்துத் தீவு ஒன்றில், வௌவால்கள் தொங்கும் மரத்தடியில் செத்துக் கிடப்பவற்றின் மண்டையோடுகளைப் பொறுக்கி, வருடத்துக்கு ஒரு பெட்டி அனுப்புவார்கள். ஒவ்வொன்றிலும் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் தனித்தனியாக அளந்து எழுத வேண்டும்.

பழைய பெட்டிகளில் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தன. கடைசி மூன்று வருடத்துப் பெட்டிகளில் வித்தியாசம் கூடிக்கொண்டே போனது. அளக்கும் வெர்னியரில்தான் கோளாறு என்று நினைத்து அதைத் துடைத்துச் சரிபார்த்தார். மறுநாள், எது எந்த வருடத்தது என்று பார்க்காமலே எல்லாவற்றையும் மறுபடி அளந்தார். அதே அளவுதான் வந்தது.

“மேடம், ஆலையில செஞ்ச மால் இப்படி ஏறுக்குமாறா வந்தா நாங்க மாலைக் குத்தம் சொல்ல மாட்டோம். அதைச் செய்யுற மெஷின் கராப் ஆகப்போகுது, கெட்டு நிக்கப்போகுதுன்னு அர்த்தம்,” என்று ஆய்வாளர் கிருஷ்ணப்ரியாவிடம் சொன்னார் ஸ்டெல்லா.

“அதேதான்க்கா. குட்டி வயித்துல வளரும்போதே தாய்க்கு ஏதோ சரியில்ல. தீனி பத்தலையா, நோயா, சொந்தத்துக்குள்ளயே சேருதுங்களா, தெரியலை,” என்றாள் கிருஷ்ணப்ரியா.

ஆலையாக இருந்தால் ஸ்டெல்லா அந்த நிமிடமே மெஷினை நிறுத்தச் சொல்லியிருப்பார்.

ஜூன் மாதம் தீவிலிருந்து பார்சல் வந்தது. கூரியர்காரர் வழக்கமான ஒரு பெட்டிக்குப் பதில் ஒன்பது பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டுப் போனார். ஸ்டெல்லா ஒரு பெட்டியைப் பிரித்து, மேலே இருந்த மண்டையோட்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அது ஒரு பக்கமாகக் கோணியிருப்பது வெறும் கண்ணுக்கே தெரிந்தது.