மருதாயி டெம்பரரி ஆன கதை

மருதாயி நாகலூர் பஸ்ஸில் செய்த சபதம் பஸ்ஸுக்குள் இருந்தவர்களுக்கு மட்டுமல்ல, அடுத்த வளைவில் புல் மேய்ந்துகொண்டிருந்த காட்டெருமைக்கும் கேட்டது. அவள் குரல் அப்படி. காப்பிக் காட்டின் ஒரு மூலையில் அவள் கொட்டாவி விட்டால் மறு மூலையில் வேலை செய்பவர்கள் சங்கு ஊதிவிட்டதென்று கூடையை இறக்கி வைத்துவிடுவார்கள்.

சபதத்துக்குக் காரணம் ஒரு ஊறுகாய். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் மாதேஸ்வரனின் மனைவி துபாய் சுற்றிப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். விமானத்தில் கொடுத்த குட்டி ஊறுகாய்ப் பொட்டலத்தைப் பிரிக்காமல் கைப்பையில் வைத்துக்கொண்டு, முன் சீட்டிலிருந்து பஸ் முழுக்கச் சுற்றுக்கு விட்டாள். அது மருதாயி கைக்கு வந்தபோது அவளுக்குப் பொறுக்கவில்லை.

"சுத்திப் பாக்கப் போறது என்னங்க பெருசு? வா வான்னு கூப்புட்டு வேலை குடுக்கோணும், அதுதான் பெருமை. வர்ற காப்பி சீசன் முடிஞ்ச கையோட நான் பிளேன் ஏறுறேன். ஏறலைன்னா இந்த பஸ்ஸுல காலு வெக்க மாட்டேன். ஒண்டிக்கடைச் சந்தைக்கு ஆயுசுக்கும் நடந்தே போறேன்!"

கண்டக்டர் சந்தோஷ் நீளமாக ஒரு விசில் ஊதினான். "எல்லாரும் சாட்சிங்க. ரைட், போலாம்!"

மறுநாள் காலையில் மருதாயியின் முழங்கால்கள் அவளைக் கேள்வி கேட்டன. நாகலூரிலிருந்து ஒண்டிக்கடை வரை ஏற்றமும் இறக்கமுமாக அத்தனை தூரம். வாரச் சாமானைத் தலையில் வைத்துக்கொண்டு, ஆயுசு முழுக்க. ரைட்டர் பொண்டாட்டி பஸ் ஜன்னலிலிருந்து கையாட்டிக்கொண்டே போவாள். அந்தக் கையை நினைத்ததும் மருதாயி ஒண்டிக்கடைக்குக் கிளம்பிவிட்டாள்.

ஒண்டிக்கடையில் சாதிக் பாஷாவின் கடைக்கு முன்பக்கம் மிளகு, காப்பித்தூள் வியாபாரம். பின்பக்கம் அவர் மகள் ஆஃப்ரின் கம்ப்யூட்டர் வைத்து பாஸ்போர்ட், விசாவுக்கெல்லாம் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பாள்.

"ரெண்டு வழி இருக்குதுங்க்கா," என்றாள் ஆஃப்ரின். "ஒண்ணு, தொழில் படிச்ச திறமைசாலிங்களுக்கு. வயசு, படிப்பு, இங்கிலீசு எல்லாத்துக்கும் மார்க்கு போடுவாங்க. தேறுனா அங்கியே தங்கிக்கலாம். இன்னொண்ணு டெம்பரரி. பழம் பறிக்கற சீசனுக்குப் போயிட்டு, முடிஞ்சதும் திரும்பி வந்தரோணும்."

"என்ன சொன்ன கண்ணு? டெம்பரரியா?"

எஸ்டேட்டில் அந்த வார்த்தை கெட்ட வார்த்தை. டெம்பரரிக்கு லைன் வீடு கிடையாது, மழைக்காலக் கம்பளி கிடையாது, காப்பிப் பழம் எடை போடும் வரிசையில் கடைசி இடம். மருதாயி வருடக்கணக்கில் டெம்பரரியாகக் கிடந்து பர்மனென்ட் ஆனவள். ஆன அன்றைக்கு ஊருக்கே கேசரி கிண்டினாள்.

"பிளேன் ஏறிப் போயி மறுக்கா டெம்பரரி ஆவறதா? மொத வழியிலயே போடு சாமி."

"படிப்பு என்னங்க்கா?"

"ஆறாவது. பாசு."

"இங்கிலீசு?"

"எஸ் சார். நோ லீவு. காப்பி ரோபஸ்டா."

ஆஃப்ரின் தட்டிப் பார்த்தாள். "பூச்சியம் வருதுங்க்கா. அதுக்குக் கீழ போடறதுக்கு இதுல எடமில்ல."

மருதாயி மிளகு மூட்டை மேல் உட்கார்ந்தாள். முழங்காலைத் தடவினாள். "செரி, டெம்பரரியே போடு. ஆனா ஊருக்குள்ள மூச்சு விடப்படாது."

பூமிக்கு அடிப்பக்கம் எங்கேயோ ஓர் ஆப்பிள் தோட்டம் அவளை வீடியோவில் பார்க்க ஒப்புக்கொண்டது. தோட்டத்துக்குப் பிடித்துப்போனால்தான் விசாவுக்கு மேற்கொண்டு நகரும். ஆஃப்ரின் அவளைப் பாடாய்ப் படுத்தித் தயார் செய்தாள். "ஒண்ணே ஒண்ணுதான் முக்கியம்க்கா. வேலை முடிஞ்சதும் ஊருக்கு வந்துருவீங்கன்னு அவிங்க நம்போணும். அங்கியே தங்கிருவீங்கன்னு சந்தேகம் வந்தா அவ்வளவுதான்."

"அது கூடவா சொல்லத் தெரியாது? வந்துருவனுங்க, வந்துருவனுங்க," என்று தன் ஆட்டுக்கு முன்னால் நின்று ஒரு வாரம் சொல்லிப் பழகினாள் மருதாயி. ஆடு நம்பிவிட்டது.

அந்த நாளும் வந்தது. மருதாயி பட்டுச் சேலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். அவள் கணவர் பெரியநாயகம் பின்னால் மிளகு மூட்டை மேல் உட்கார்ந்தார். திரையில் வைக்கோல் தொப்பி வைத்த ஒரு வெள்ளைக்காரத் துரைசானி. பக்கத்தில், மொழிபெயர்க்க யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி.

"குளிர் தாங்குவீங்களோ எண்டு கேக்கிறா."

"மார்கழியில பச்சத் தண்ணியில குளிக்கறவளுங்க நானு."

வருடம் முழுக்க அவளுக்கு வெந்நீர் வைத்துக் கொடுக்கும் பெரியநாயகம் இருமினார்.

"வேலை முடிஞ்சதும் ஊருக்குத் திரும்பிப் போவீங்களோ?"

ஆஃப்ரின் 'சொல்லுங்க' என்று சைகை காட்டினாள். ஆனால் மருதாயியின் கண்ணுக்குத் தெரிந்தது தொப்பி வைத்த துரைசானி. துரைமார் முன்னால் எஸ்டேட்டுக்காரர்கள் பேச ஒரே பேச்சுதான் உண்டு. அந்தப் பேச்சைப் பேசித்தான் அவள் பர்மனென்ட் ஆனாள். அது தானாக வாயில் வந்துவிட்டது.

"நானெங்கீங்க போறேன்? உங்க தோட்டமே கதின்னு கெடப்பனுங்க. அடிச்சுத் தொரத்துனாலும் போவ மாட்டனுங்க. என் சாம்பலும் உங்க ஆப்பிள் மரத்துக்குத்தானுங்க எரு. ஊட்டுக்காரரயும் கூட்டியாந்துருவேன். ஆட்டையும்!"

ஆஃப்ரின் மேசையில் நெற்றியை வைத்தாள். யாழ்ப்பாணத்துப் பெண் தயங்கித் தயங்கி மொழிபெயர்க்க, துரைசானியின் சிரிப்பு படிப்படியாக இறங்கிக் காணாமல் போனது. அவள் 'ஸாரி' என்று ஆரம்பித்தாள். ஏற்றமும் இறக்கமுமான அந்த ரோடு முழுவதும் மருதாயியின் கண் முன்னால் விரிந்தது.

அப்போது மூட்டை மேலிருந்து பெரியநாயகத்தின் குரல் வந்தது. மனுஷர் எல்லாவற்றையும் நிஜமென்று நம்பிவிட்டார்.

"ஏம்புள்ள, அப்ப நீ வரவே மாட்டியா? செரி, அந்த வேலியோரப் பலாமரத்த எங்கண்ணனுக்கே உட்டுரட்டுமா? அவருந்தான் நொம்ப நாளாக் கேக்கறாரு."

மருதாயி நாற்காலியோடு திரும்பினாள். கோபம் வந்தாலும் அவள் வாயில் 'ங்க' மட்டும் குறையாது.

"என்னங்க சொன்னீங்க? பலாமரத்தயா? வைகாசியில கோயில் நோம்பிக்கு வந்து நிப்பனுங்க, ஒரு பிஞ்சு கொறைஞ்சிருந்தாலும் உங்களத்தான் அதுல கட்டித் தொங்க உடுவேன்! உங்கண்ணம் பொண்டாட்டி வாங்கிட்டுப் போன இட்லிக் குண்டா இன்னும் வர்ல, அத நான் வந்துதான் புடுங்கோணும். ஆடு சினையா இருக்குது, உங்களுக்கு அதுக்குத் தழை ஒடிக்கத் தெரியுமாங்க? சுடுதண்ணி வெக்கறதத் தவிர என்னங்க தெரியும்? சேர்வராயன் கோயில்ல நான் பொங்க வெக்காம எவ வெச்சிருவா, பாக்கறேன்!"

யாழ்ப்பாணத்துப் பெண் வேர்க்க விறுவிறுக்க எல்லாவற்றையும் மொழிபெயர்த்துக்கொண்டே வந்தாள். துரைசானி தொப்பியைக் கழற்றிவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு ஏதோ கேட்டாள்.

"ஆட்டின்ட பேர் என்னவாம்?"

"கலெக்டருங்க," என்றாள் மருதாயி, மூச்சு வாங்க.

துரைசானி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு நெடுநேரம் பேசினாள். பெண் அதைச் சுருக்கிச் சொன்னாள்: "நீங்கள் கட்டாயம் திரும்பிப் போயிடுவீங்கள் எண்டு நம்பிக்கை வந்திட்டுதாம். உங்கட மனுசனை நினைச்சால்தான் பாவமா இருக்காம்."

காப்பி சீசன் முடிந்த கையோடு மருதாயி பிளேன் ஏறினாள். அங்கே அவள் ஆப்பிள் பறித்த வேகத்தில் மரங்கள் பயந்துபோய்த் தாமாகவே குனிந்தன என்று நாகலூரில் சொல்கிறார்கள். சொன்னது யார் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். வைகாசி நோம்பிக்கு வந்து இறங்கியதும் முதலில் பலாமரத்தை அண்ணாந்து பார்த்தாள். பெரியநாயகம் ஒவ்வொரு காய்க்கும் சாக்குப் போட்டுக் கட்டி வைத்திருந்தார்.

அடுத்த வாரம் பஸ்ஸில் ரைட்டர் பொண்டாட்டியின் முன் சீட்டுக்குப் பக்கத்தில் மருதாயி உட்கார்ந்து ஒரு கம்பளியை எடுத்து விரித்தாள். மேகம் மாதிரி இருந்தது. ஊறுகாய் சுற்றிய அதே வழியில் கம்பளி பஸ்ஸைச் சுற்றி வந்தது.

"தோட்டத்துல குடுத்ததுங்க. அந்த ஊர்ல டெம்பரரிக்கே கம்பளி உண்டு."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தாள். ரைட்டர் பொண்டாட்டி பிடித்துக்கொண்டாள். "அப்ப டெம்பரரியாவா போன மருதாயி?"

பஸ்ஸே காதைத் தீட்டியது. மருதாயி கம்பளியை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஆமாங்க. பர்மனென்டுன்னா ஒரே வாட்டிதான் பிளேன் ஏத்துவாங்க. டெம்பரரின்னா வருசா வருசமுங்க!"

சந்தோஷ் விசிலை ஊதினான்.