ஷோகேஸில் நான்கு கொக்கிகள்

எண்பதுகளின் தொடக்கத்தில் சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது ஷோகேஸைத்தான். படுக்கவைத்தால் கண்ணை மூடும் பொம்மை ஒன்று, ஒரு தடவைகூடக் காபியைக் காணாத பீங்கான் கோப்பைகள், எங்கள் கல்யாணப் போட்டோ. இவற்றுக்கு நடுவில் வெல்வெட் துணி விரித்து நான்கு அலுமினியக் கொக்கிகள். "இது என்ன, மாட்டுக்கா?" என்று என் பெரியம்மா ஒருமுறை கேட்டுவிட்டாள். என் கணவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

மாட்டுக்கு இல்லை, பாறை ஏறுகிறவர்களுக்கு. உள்ளங்கை அளவு வளையம். அதன் ஒரு பக்கம் மட்டும் ஸ்பிரிங் வைத்த கதவு மாதிரி உள்ளே திறக்கும், விட்டால் தானே மூடிக்கொள்ளும். 'காரபினர்' என்பார் அவர். நான் கடைசிவரை கொக்கி என்றுதான் சொன்னேன். அப்படிச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது என்பதும் அதற்கு ஒரு காரணம்.

அவர் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. கல்லூரியில் என்.சி.சி. முகாமுக்குப் போன இடத்தில் பாறை ஏறக் கற்றுக்கொண்டார். கூடப் போன பையன்கள் எல்லாம் அதை அங்கேயே மறந்துவிட்டு ஊர் திரும்ப, இவரும் கடையநல்லூர் நண்பர் ஒருவரும் மட்டும் கூடவே கொண்டுவந்துவிட்டார்கள். நண்பருக்கு ஜவுளி வியாபாரம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் இரண்டு பேரும் மேற்கே பஸ் ஏறி, இறங்கிக் காட்டுவழி நடந்து, ஒரு மொட்டைப் பாறையில் ஏறுவார்கள். நானும் போவேன். அடியில் வேப்பமர நிழலில் உட்கார்ந்து புளியோதரைத் தூக்குவாளியைக் குரங்குகளிடமிருந்து காப்பாற்றுவது என் பொறுப்பு.

நண்பரின் அண்ணன் அரபு நாட்டில் வேலை பார்த்தார். அவர் ஊருக்கு வருகிறார் என்றால் ஆளுக்கொன்று சொல்லி அனுப்புவார்கள். சென்ட், நைலக்ஸ் சேலை, டார்ச் லைட். என் கணவர் கேட்டது கொக்கி. அங்கே ஒரு வெள்ளைக்கார எஞ்சினியர் வேலை முடிந்து கிளம்பும்போது தன் பாறை ஏறும் சாமான்களைக் கொடுத்துவிட்டுப் போனாராம். அதில் இன்னும் புழங்காத நான்கு இவருக்கு வந்தன. வந்த அன்றே ஷோகேஸுக்குள் போயின.

"பாறைக்குக் கொண்டு போகலியா?" என்றேன்.

"கீறல் விழுந்திரும்ட்டி."

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. வெளிநாட்டுச் சாமானை யாரும் அப்போது உறை பிரித்துப் புழங்கவில்லை. என் நாத்தனார் வீட்டு டேப் ரிக்கார்டர் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தபடியே ஐந்தாறு வருஷம் பாடியது. பாட்டு என்னவோ சளி பிடித்த மாதிரிதான் கேட்கும்.

ஆக, பாறைக்குப் போனவை எல்லாம் மதுரையில் பழைய இரும்புக் கடையில் பொறுக்கிய கொக்கிகள். பட்டாளத்தில் கழித்துப்போட்டவை. சனிக்கிழமை சாயங்காலம் கூடத்தில் பாய் விரித்து அவற்றைப் பரப்பி, எது எதற்கு என்று இரண்டு பேரும் தேர்ந்தெடுப்பார்கள். முதலில் ஏறுகிறவர் பாறை இடுக்கில் ஆணி அடித்து, அதில் கொக்கி மாட்டி, கொக்கிக்குள் கயிற்றை விட்டுக்கொண்டே போக வேண்டும். அது தாங்குகிற கொக்கி. அத்தனை ஆணிகளையும் தோளில் குறுக்கே போட்ட பட்டையில் தொங்கவிடவும் கொக்கி வேண்டும். அது சுமக்கிற கொக்கி. தேங்காய் வாங்குகிறவர் மாதிரி ஒவ்வொன்றையும் காதருகே வைத்துக் கதவைத் தட்டித் தட்டிக் கேட்பார் என் கணவர். உள்ளே என்ன கேட்டதோ, தலையை ஆட்டி ஒதுக்கி வைப்பார்.

எனக்கு அந்தப் பாறைமேல் ஒருமுறை ஏற வேண்டும் என்று ஆசை. கிளப்பிவிட்டவர் அவர்தான். "மேலருந்து பாத்தா நம்ம கோயில் கோபுரம் தெரியுது பாத்துக்கோ" என்று வாரா வாரம் சொன்னால், வாரா வாரம் குரங்கு விரட்டுகிறவளுக்கு எப்படி இருக்கும்? கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான். "கொக்கி பத்தாதுட்டி."

ஒரு சனிக்கிழமை நானும் பாயில் போய் உட்கார்ந்தேன். பார்த்தால், ஓர் ஆணிக்கு ஒரு கொக்கி என்று மாட்டிவைத்திருக்கிறார். அப்புறம் எப்படிப் பத்தும்? என் தாலிச் சங்கிலியை வெளியே எடுத்துக் காட்டினேன். எங்கள் பக்கத்தில் பெண்களின் ஊக்குகள் எல்லாம் அதில்தான் இருக்கும். பெரிய ஊக்கு ஒன்றில் சின்ன ஊக்குகள், மடிப்புக்குத் தனி, ரவிக்கைக்குத் தனி. பஸ் கூட்டத்தில் நின்றுகொண்டு பார்க்காமலே வேண்டியதைக் கழற்றலாம்.

"ஊக்குக்கு ஒரு தாலின்னு கட்டியிருந்தீங்கன்னா என் கழுத்து என்னத்துக்கு ஆகும்?"

நண்பர் பாயில் சாய்ந்தே சிரித்தார். "மைனி சொல்லுதது சரிதான் வே. ஒரே அளவு ஆணியச் சேத்து மாட்டும்."

அப்படி மாட்டியதில் சில கொக்கிகள் மிச்சமாயின. அவர் அவற்றையும் காதில் வைத்துத் தட்டினார். முகத்தில் ஒரு நிம்மதி. "பாத்தியா, ஒண்ணுக்கும் கதவு சரியா மூடல. இதெல்லாம் சுமக்கத்தான் லாயக்கு. ஒன்னத் தாங்குததுக்கு நல்ல கொக்கி இல்ல."

நண்பர் மெல்லத் திரும்பி ஷோகேஸைப் பார்த்தார். நானும் பார்த்தேன். வேறு வழியில்லாமல் அவரும் பார்த்தார்.

"அது புதுசுட்டி" என்றார்.

"நான் பழசாயிட்டேனோ?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டேன். ஆனாலும் உள்ளே சுருக்கென்றது. கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கீறல் விழக் கூடாது என்று அவர் கவலைப்படும் சாமான்களில் நான் எந்த வரிசையில் இருக்கிறேன் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஷோகேஸ் சாவி என் கொத்தில்தான் கிடந்தது. எழுந்து போய்த் திறந்து, நான்கையும் எடுத்துப் பாயில் வைத்தேன். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் ரசத்துக்கு உப்பு கூட என்றார். உப்பு சரியாகத்தான் இருந்தது.

மறுநாள் எனக்கு அவருடைய பழைய பேன்ட், முழுக்கைச் சட்டை, இடுப்பில் கயிறு. ஊக்குகளைக் கழற்றித் தூக்குவாளி மூடிக்குள் வைத்தேன். அவர் முதலில் ஏறி, உச்சியில் ஆணிகள் அடித்து, புதுக் கொக்கிகளை மாட்டி, என் கயிற்றை அவற்றுக்குள் விட்டுப் பிடித்துக்கொண்டார். நண்பர் கீழே நின்று கால் வைக்கும் இடத்தைச் சொன்னார். பாதிவரை நன்றாகத்தான் ஏறினேன். ஓ, இவ்வளவுதானா, இதற்கா இத்தனை அலட்டல் என்றுகூட நினைத்தேன். அப்படி நினைத்த இடத்தில் பாறை தொந்தி மாதிரி முன்னால் தள்ளிக்கொண்டிருந்தது. கால் வழுக்கியது.

மேலே கல்லில் உலோகம் கிறீச்சென்று இழுபட்டது. கயிறு இடுப்பை இறுக்க, நான் தொங்கினேன்.

"பயப்படாத! புடிச்சிருக்கேன், புடிச்சிருக்கேன்ட்டி!" அவர் குரல் எனக்குமேல் நடுங்கியது.

"மைனி, வலக்கால அங்கன வைங்க, அந்த விளிம்புல" என்றார் நண்பர். வைத்தேன். ஏறிவிட்டேன்.

உச்சியில் உட்கார்ந்து மூச்சு வாங்கியதும், "எங்க கோபுரம்?" என்றேன். கிழக்கே ஒரே புழுதிப் படலம். யார் ஊருடையதோ ஒரு தண்ணீர்த் தொட்டி மட்டும் தெரிந்தது.

"மழ பேஞ்ச மறுநாள்தான் நல்லாத் தெரியும்" என்றார்.

அப்போதுதான் ஒரு கொக்கியைப் பார்த்தேன். கல் விளிம்பில் இழுபட்டு ஒரு பக்கம் நீளமாகக் கீறிக் கிடந்தது. விழுந்ததைவிட அதற்குத்தான் அதிகம் பயந்தேன். உள்ளங்கையால் மூடிக்கொண்டேன். அவர் என் கையை விலக்கி, கழற்றி, விரலால் தடவிப் பார்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்தப் பையைத் தடவிக்கொண்டே வந்தார். போச்சு, இனிமேல் குரங்குதான் என்று நினைத்துக்கொண்டேன்.

மறு சனிக்கிழமை மூன்று புதுக் கொக்கிகள் பாயில் இரும்புக் கொக்கிகளோடு கிடந்தன. நான்காவதைக் காணவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வீடு நிறைய ஆட்கள். பெரியம்மா வழக்கம்போல ஷோகேஸ் முன்னால் நின்றாள். அன்று காலையில் அவர் என் சாவிக்கொத்தைக் கேட்டது எதற்கு என்று அப்போது புரிந்தது. நான்காவது அங்கே இருந்தது. எங்கள் கல்யாணப் போட்டோவுக்கு முன்னால், கீறல் கண்ணாடிப் பக்கம் தெரிய நிறுத்தி வைத்திருந்தார்.

"மாப்ள, பாரின் சாமான்ல இம்புட்டுக் கீறலா? அந்தப் பக்கமாத் திருப்பி வைக்கப்பிடாதா?"

"வேண்டாம் அத்தை. ஒங்க மவ கீழ விழாமப் புடிச்ச கீறல் அது. எல்லாரும் பாக்கட்டும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க, ஷோகேஸைத் திறந்து பீங்கான் கோப்பைகளை எடுத்தேன். அவர் தடுக்கவில்லை. அன்றைக்குப் பெரியம்மாவுக்குக் காபி அதில்தான் கொடுத்தேன்.