ஜைத்தூன்பீ வாங்காத சாவி

புருஷன் இறந்து ஜைத்தூன்பீ பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தாள். ஹயாத் பாஷா மகளைக் கெலவரப்பள்ளி வாய்க்காலை ஒட்டிய தன் ரோஜாத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் பக்கத்து நிலத்துக் கோவிந்தப்பனும் சாட்சிக்கு நின்றார்கள்.

"இந்த நெலத்த கெணத்தோட என் பொண்ணுக்கு ஹிபாவா, இனாமா குடுத்துட்டன்."

"ஏத்துக்கிட்டன் அத்தா."

மோட்டார் ரூம் சாவியை நீட்டினார். அவள் வாங்கவில்லை. விடிந்ததும் மோட்டார் போட்டு வரப்பில் நிற்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

"உங்ககிட்டயே இருக்கட்டும் அத்தா. இருக்கிற வரைக்கும் நீங்களே பாருங்க."

பெற்ற பெண் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று கோவிந்தப்பன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஹயாத் பாஷா மோட்டார் போட்டார், பூ விற்றார், பட்டாவைத் தன் பேரிலேயே வைத்திருந்தார், போன கோடையில் இறந்தும் போனார். நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்த கையோடு ஜைத்தூன்பீயின் தம்பி அன்சர் நிலப் பேச்சை எடுத்தான். அவனுக்கு மத்திகிரியில் வாடகை வீடு, கம்பெனியில் ஆட்குறைப்பு. லேஅவுட் போடுகிறவர்கள் கிணற்றுப் பக்கத்தைத்தான் விலைக்குக் கேட்டார்கள்.

"அது எனக்குக் குடுத்ததுடா."

"ஜமாத்துல கேட்ருவோம் அக்கா. மார்க்கம் என்ன சொல்லுதோ அதுதான்."

ஜமாத்தில் ஹஜ்ரத் தரையைப் பார்த்தபடி கேட்டார். "குடுத்தாரு, ஏத்துக்கிட்டீங்க, நானே கேட்டன். ஆனா நெலம் உங்க கைக்கு வந்தாத்தாம்மா ஹிபா முழுசாவும். அப்பறமாவது சாவிய வாங்குனீங்களா?"

வாங்கினேன் என்று சொல்லிவிட்டால் நிலம் நிற்கும். அவள் சாட்சிக்கு வந்திருந்த கோவிந்தப்பனைப் பார்த்தாள். அவர் துண்டைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேட்டால் பொய் சொல்ல மாட்டார். அவளாலும் பள்ளிவாசலில் முடியாது.

"வாங்கல ஹஜ்ரத். அத்தா மனசு கஷ்டப்படும்னு..."

"அன்னிக்கி நல்ல பொண்ணுன்னு பேரு வாங்குனீங்களே," என்றான் அன்சர் மெதுவாக. "அத வெச்சிக்கிங்க."

யாரும் அவனை அதட்டவில்லை.

ஹிபா நிற்கவில்லை. நிலம் வாரிசுச் சொத்தாயிற்று. மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒன்று. சர்வேயர் கல் நட்டார். கிணறும் மோட்டார் ரூமும் அன்சர் பக்கம் போயின. அவளுக்கு மேட்டுப் பக்கம் விழுந்தது. அங்கேயும் ரோஜாதான், தண்ணீர்தான் இல்லை.

அன்சர் வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை.

"சாவி எங்கக்கா?"

அத்தாவின் சட்டை தொங்கிய ஆணியிலேயே இருந்தது. அவள் எடுத்து அவன் கையில் வைத்தாள். வாங்கியவன் அதில் ஒட்டியிருந்த கிரீஸைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே சொன்னான்:

"பூ இருக்கிற வரைக்கும் பறிச்சிக்கிங்க."

மறுநாள் விடிந்ததும் மும்முனைக் கரண்ட் வந்தது. மோட்டார் ஓடவில்லை. ஜைத்தூன்பீ குடத்தை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்கு இறங்கினாள்.