நீலப் போர்டில் ஒரு காலி இடம்

ஜம்புவுக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார். அந்த ஞாயிற்றுக்கிழமை, தில்லி கரோல் பாக் வீட்டுக் கூடத்தில், கழற்றிய கண்ணாடியைக் காபி டம்ளருக்குள்ளேயே போட்டுவிட்டார்.

"ஓடற மெஷினையா பிரிக்கச் சொல்றே?"

எதிரே நின்றவன் நிகில். கீழ்வீட்டு மீனாக்ஷியின் பிள்ளை. கம்பெனியில் வேலை. லீவு நாளில் பழைய கம்ப்யூட்டர்களைத் தேடிப் பிடித்து அலமாரியில் அடுக்குவான். இன்று அவன் தூக்கி வந்தது, கீபோர்டுக்குள்ளேயே எல்லாம் அடங்கிய, டிவியில் மாட்டி ஓட்டுகிற அந்தக் காலத்து வீட்டுக் கம்ப்யூட்டர். ஏதோ ஒரு பள்ளிக்கூடம் கழித்துக் கட்டியது. முதுகில் வெள்ளைப் பெயிண்டில் நம்பர் எழுதியிருந்தது. ஜம்பு அதைத் தன் பெட்டி டிவியில் மாட்டி சுவிட்சைப் போட்டார். ஒரு முனகல்கூட இல்லாமல் எழுந்துகொண்டது.

"ஓடறது அங்கிள். பட் உள்ள சர்க்யூட் போர்டு ஏக்தம் கந்தா, ஒரே அசிங்கம். ப்ரௌன் கலர்ல அழுது வடியறது. உங்க நீலப் போர்டு எப்படி மின்னறது! இதுலேர்ந்து சிப்பை எடுத்து அதுல போட்டுக் குடுங்கோ. கண்ணாடிப் பெட்டில வச்சு வீடியோ போடணும்."

"உங்கம்மா நன்னாத்தானே நடமாடறா? கலர் பிடிக்கலேன்னு அவளோட முதுகெலும்பை மாத்துவியாடா?"

"அரே அங்கிள், மெஷின்தானே..."

"வெளியில போ. அதைத் தூக்கிண்டு போ. ஜல்தி!"

உள்ளேயிருந்து மனைவி ருக்கு எட்டிப் பார்த்தாள். "கத்தாதேங்கோ. குழந்தை இப்பத்தான் கண் அசந்தா."

அந்த ஒரு சொல்லுக்கு ஜம்பு அடங்கினார். பேத்தி பிறந்து ஏழு மாதம். இப்போதுதான் தலையணை முட்டுக் கொடுக்காமல் உட்காரப் பழகியிருக்கிறாள். அவள் தும்மினால்கூட ஜம்பு தெருவுக்கே சொல்வார்.

அந்த நீலப் போர்டின் கதையே அவர் வீட்டு மெஷினில்தான் ஆரம்பித்தது. சர்க்கார் ஆபீஸில் தபால் அனுப்பும் பிரிவில் உட்கார்ந்தே ரிடையர் ஆனவர் அவர். பெண் ஸ்நேகா சின்னவளாக இருந்தபோது, மாற்றலாகிப் போன ஓர் அதிகாரி இதே மாதிரி மெஷின் ஒன்றை அவரிடம் தள்ளிவிட்டுப் போனார். ஸ்நேகா தட்டுத் தடுமாறி அதில் ஒரு புரோகிராம் எழுதினாள். கீபோர்டில் எந்தக் கட்டையை அமுக்கினாலும் திரை ஒரு கலருக்கு மாறும், கூடவே பீங் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். எழுதியதைக் கேசட்டிலும் பதிந்து வைத்திருந்தாள்.

ரிடையர் ஆனபின் ஒரு நாள் ஜம்பு மெஷினைத் திறந்து பார்த்தார். மழை ஈரம் இறங்கி, போர்டில் ஓடுகிற செப்புக் கோடுகள் பச்சை பூத்து அரித்துப் போயிருந்தன. செய்த கம்பெனி மூடி எத்தனையோ காலம் ஆயிற்று. ரிப்பேர்க் கடைக்காரன் கையிலேயே வாங்கவில்லை. "பாய் சாப், கபாடில போடு, காயலான் கடைக்குத்தான் லாயக்கு," என்றான்.

ஜம்புவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெட்டி நன்றாக இருக்கிறது, கட்டை நன்றாக இருக்கிறது, நடுவில் ஒரு தகடு போனதற்கு மொத்தத்தையும் தூக்கிப் போடுவதா? அப்போதுதான் இன்டர்நெட்டில் தன் மாதிரியே கோபம் வந்தவர்கள் ஊர் ஊராக இருப்பதைக் கண்டுபிடித்தார். எங்கோ ஒருவன் செத்த போர்டு ஒன்றைத் தேய்த்துத் தேய்த்து, ஒவ்வொரு கோட்டையும் படமாக வரைந்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று போட்டிருந்தான். அந்தப் படத்தைக் கொடுத்தால் வெறும் போர்டை நீலக் கலரில் அடித்துத் தரும் கம்பெனிகள் உண்டு. மீதியை நாமே ஈயம் உருக்கி சால்டர் வைத்துக்கொள்ள வேண்டும். விரல் பொசுங்கப் பொசுங்க ஜம்பு கற்றுக்கொண்டார்.

"அப்பா, அதே கேமெல்லாம் போன்லயே ஓடும்பா," என்றாள் ஸ்நேகா.

"ஓடும்டி. உன் பொண்ணு போனைக் கையால அறைஞ்சு பாக்கட்டும். நீதானே ஓடிவந்து பிடுங்குவே! இதை அறையலாம், அதுக்குன்னே பண்ணினது." அதோடு விடவில்லை. "பல்லு போச்சுன்னா பல் செட்டு கட்டிக்கறோம். ஆளையா குப்பையில போடறோம்?"

அவர் வைத்துக்கொண்ட சட்டம் ஒன்றே ஒன்று. புதுப் போர்டு செத்த மெஷினுக்கு மட்டும்.

அவருடைய சொந்தப் போர்டு தயார். சின்னச் சின்னச் சிப்புகள் புதிதாகவே கிடைத்துவிட்டன. பெரிய சிப்பு மட்டும் அந்தக் கம்பெனி தனக்கென்று செய்துகொண்டது; பழைய மெஷினிலிருந்து எடுத்தால்தான் உண்டு. அவருடையது எப்போதோ கரண்ட் ஏறி இறங்கியதில் போய்விட்டது. போர்டின் நடுவில் அதற்கான சாக்கெட் மட்டும் பொக்கை வாயாகத் திறந்து கிடந்தது. அது நிறைந்தால் பேத்தி ஸ்நேகாவின் புரோகிராமை அறைந்து விளையாடுவாள். ஜம்புவுக்கு வேறு ஆசை இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நிகில் திரும்ப வந்தான். கையில் ஒரு பை. முகம் தொங்கியிருந்தது.

"அங்கிள், சிப்பை எடுக்க நானே ட்ரை பண்ணினேன். சூடு காத்து அடிக்கற ஹாட் ஏர் கன் வச்சு..."

ஜம்பு பையைப் பிடுங்கிப் பார்த்தார். ப்ரௌன் போர்டு கருகியிருந்தது. செப்புக் கோடுகள் தோல் உரிந்தமாதிரி சுருண்டு நின்றன.

"கொன்னுட்டியே! நன்னா இருந்ததைக் கொன்னுட்டியேடா, படுபாவி!"

"பெரிய சிப் மட்டும் முழுசா வந்துடுத்து அங்கிள். நீங்களே வச்சுக்கோங்கோ. பெட்டியை நான் ஷெல்ஃப்ல வச்சுக்கறேன். வெளியிலேர்ந்து பாத்தா எல்லாம் ஒண்ணுதான்."

"தானா தரான், வாங்கிக்கோங்கோ," என்றாள் ருக்கு.

ஜம்பு சிப்பைத் தன் நீலப் போர்டின் சாக்கெட்டில் வைத்து, இரண்டு கட்டைவிரலாலும் மெல்ல அமுக்கினார். தன் கீபோர்டை மாட்டினார். அதன் மூலையில் ஸ்நேகா ஒட்டிய கிளி ஸ்டிக்கர் இன்னும் இருந்தது. டிவி விழித்தது. டேப் ரிக்கார்டரில் கேசட் கீச்சிட்டுப் புரோகிராமை ஏற்றி முடித்ததும் ஸ்நேகா பெண்ணைத் தூக்கி வந்து மடியில் வைத்துக்கொண்டாள். குழந்தை கையை ஓங்கிக் கட்டைமேல் ஓர் அறை விட்டது.

பீங். திரை சிவப்பு.

குழந்தை மூச்சை இழுத்துத் திரையைப் பார்த்தது. இன்னோர் அறை. பச்சை. பிறகு இரண்டு கையாலும் விளாசிக்கொண்டு கெக்கெக்கென்று சிரித்தது. கேட்டுக்கொண்டே நின்ற ஜம்புவுக்குக் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு திரும்பியவருக்கு நிகிலின் பை தெரிந்தது. உள்ளே கட்டைகளோடு அந்த வெறும் பெட்டி. முதுகில் வெள்ளை நம்பர்.

சுவிட்சை அணைத்தார். தன் கீபோர்டைக் கழற்றினார். நீலப் போர்டை அப்படியே எடுத்து நிகிலின் பெட்டிக்குள் வைத்துத் திருகாணி முடுக்க ஆரம்பித்தார்.

"என்னன்னா பண்றேள்?" ருக்கு பதறினாள்.

"இது அந்த மெஷினோட சிப்பு. அந்த மெஷின் இப்போ செத்துடுத்து. செத்ததுக்குத்தான் என் போர்டு."

"நான்தான் உங்களுக்கே குடுத்துட்டேனே அங்கிள்!"

"வாங்கிண்டா என்ன ஆகும் தெரியுமா? நீ வீடியோ போடுவே. ஜம்பு அங்கிளுக்குச் சிப்பு குடுத்தேன்னு சொல்லுவே. அடுத்த வாரம் நாலு பேர் நாலு ஓடற மெஷினை வறுத்து எடுத்துண்டு வந்து நிப்பா. அப்பறம் கொன்னது நீயா, நானா?"

குழந்தை அணைந்த திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியது. பிறகு வீடு இடிகிற மாதிரி வீறிட்டது. தாத்தாவின் பேத்தி.

ஜம்பு கடைசித் திருகாணியையும் முடுக்கி, பெட்டியை நிகிலின் நெஞ்சில் இடிக்கிற மாதிரி நீட்டினார்.

"இந்தா. ஷெல்ஃப்ல வச்சே, தொலைச்சுடுவேன். ஞாயித்துக்கிழமை தவறாம இங்க எடுத்துண்டு வரணும். பாப்பா அறையணும்."

"அச்சா அங்கிள்."

"அடுத்த ஞாயித்துக்கிழமை இல்லடா, மண்டு! இன்னிக்கும் ஞாயித்துக்கிழமைதானே? குழந்தை அழறது காதுல விழலை? டிவில மாட்டு!"