திடலுக்குப் போட்ட முள்

மூலம் வராமலிருக்க நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், கீரை சாப்பிட வேண்டும், வெளிக்கு வந்தால் அடக்கக் கூடாது. யாராவது இப்படி உபதேசம் செய்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். இதெல்லாம் என் அம்மாவுக்கும் தெரியும். தெரிந்து என்ன பண்ண?

கீழத்தஞ்சையில் கூலிச் சண்டை நடந்த காலம். எங்கள் தெருவுக்குப் பின்னால் மிராசுதாரின் திடல் ஒன்று புதர் மண்டிக் கிடந்தது. பெண்கள் கொல்லைக்குப் போக அதுதான் இடம். கூலி நெல்லை உயர்த்தாவிட்டால் நடவுக்கு வர மாட்டோம் என்று தெரு சொன்னதும், அவர் ஆள் விட்டுக் காட்டுக்கருவை முள்ளை வெட்டித் திடலைச் சுற்றிப் போட்டுவிட்டார். கேட்டால் அவர் நிலம், அவர் முள்.

ஆண்களுக்கு ஒரு குறையுமில்லை. பட்டப்பகலில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றோரம் போய் வந்தார்கள். பெண்களுக்கு மிஞ்சியது சாலையோரம். அதுவும் விடியுமுன்னோ இருட்டிய பிறகோதான். பஸ் வெளிச்சம் விழுந்தால் பாதியில் எழுந்து நிற்க வேண்டும். ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்க முடியாது என்று எவனோ ஆம்பளைதான் சொல்லியிருப்பான். எங்கள் தெருப் பெண்கள் இரண்டையும் அடக்கினார்கள்.

அம்மா பகலில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள். வெயில் தாங்காவிட்டால் வாயைக் கொப்பளித்துத் துப்புவாள். கீரை கடைந்தால் எங்களுக்கு ஊற்றிவிட்டு, வயிற்றை இளக்கிவிடும் என்று தான் வெறும் சோற்றில் உப்பைப் போட்டுத் தின்பாள். கொஞ்ச நாளில் ரத்தம் போக ஆரம்பித்தது. உட்கார முடியாமல் நின்றுகொண்டே சாப்பிட்டாள்.

டவுன் ஆஸ்பத்திரிக்கு நான்தான் துணைக்குப் போனேன். டாக்டரம்மா தங்கமான மனுஷி. "தண்ணி நெறைய குடிங்கம்மா. கீரை சாப்பிடுங்க. வந்தா அடக்காதீங்க" என்றார். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் என்னிடம், "எங்க போறதுன்னு அவங்க சொல்லவே இல்லியே" என்றாள்.

அப்பா சங்கத்தில் முன்னால் நிற்பவர். தாசில்தார் ஆபீசில் பேச்சுவார்த்தைக்குக் கிளம்பிய அன்று அம்மா வாசல்வரை போய், "கூலியோட திடலையும் சேத்துக் கேளுங்க" என்றாள். "ஆகட்டும்" என்று போனார்.

ஜெயித்து வந்தார்கள். கூலி நெல் கூடியது. தெருவில் வெடி வெடித்தது. அப்பா கழுத்தில் மாலை.

"திடல்ல போட்ட முள்ளை எப்ப எடுக்கறாங்களாம்?" என்று அம்மா கேட்டாள்.

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பெரிய பெரிய அதிகாரியெல்லாம் உக்காந்திருக்கற எடத்துல, பொம்பளைங்க கொல்லைக்குப் போறதப் பத்தியா பேசுவாங்க?"

மிராசுதார் மீது எனக்கு வெறுப்புதான். ஆனால் அவர் எதிரி, எதிரியைப் போல நடந்துகொண்டார். அன்று அப்பா கழுத்தில் கிடந்த மாலையைத்தான் பிய்த்து எறியத் தோன்றியது. அந்த முள் மட்கி உதிரும்வரை யாரும் எடுக்கவில்லை. அம்மா அடக்கிக்கொண்டே நட்டாள், அடக்கிக்கொண்டே அறுத்தாள்.

இப்போது அம்மா தஞ்சாவூரில் என் வீட்டில் இருக்கிறாள். அவள் கட்டிலை ஒட்டியே கக்கூஸ் கட்டி, ராத்திரி பகல் விளக்கு எரிய விட்டிருக்கிறேன். இன்று மத்தியானம் மாத்திரையோடு டம்ளர் நிறையத் தண்ணீர் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள்.

"இருட்டட்டும், குடிக்கிறேன்" என்றாள்.