சொல்லிட்டு ஏத்து

ஈர மணலில் தேங்காய்ச் சிரட்டை உரசும் "கரக், கரக்" சத்தத்தோடுதான் எங்களுக்குப் பொழுது தொடங்கும். உச்சிப்புளிப் பக்கத்து எங்கள் ஊரில் குழாய் வராத காலம் அது. விடிந்ததும் நானும் ராக்குவும் மும்தாஜும் எங்கள் வீட்டுத் தள்ளுவண்டியில், வீட்டுக்கு இரண்டாக ஆறு குடங்களை வைத்துக்கொண்டு பனங்காட்டு ஊற்றுக்குப் போவோம். மணலில் தோண்டிய குழியில் தண்ணீர் ஊறி வரக் காத்திருந்து, சிரட்டையால் கோர வேண்டும். முதலில் கோருபவளுக்குத் தெளிந்த தண்ணீர், கடைசி ஆளுக்குக் கலங்கல்.

அதனால் முறை வைத்திருந்தோம். ஏழாம் வகுப்புக் கோடையில் மும்தாஜ் அதை மீறினாள். நான்கு நாளாக, யாரையும் கேட்காமல் முதல் ஆளாக இறங்கிக் கோரினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கேட்கவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன், ராக்குவும் அப்படியே. அவள் "என்னடி" என்று கேட்டபோதெல்லாம் "ஒண்ணுமில்ல" என்றோம். ஐந்தாம் நாள் அவளைக் கூப்பிடாமல் விட்டுவிட்டு வண்டியோடு கிளம்பினோம். வண்டி இல்லாமல் அவள் வீட்டுக்கு இரண்டு குடத் தண்ணீரும் போய்ச் சேராது என்று தெரிந்தேதான் செய்தோம். சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

மூன்று பேர் தள்ளிப் பழகிய வண்டி. ஊற்றை விட்டு மேடேறும் இடத்திலேயே சக்கரம் மணலில் புதைந்து, நிறைந்திருந்த நான்கு குடங்களும் கவிழ்ந்தன. இடுப்பில் ஒற்றைக் காலிக் குடத்தோடு ஊற்றுக்கு நடந்து வந்த மும்தாஜ் பார்த்தாள். குடத்தை இறக்கிவிட்டு, எங்களோடு சேர்ந்து வண்டியைத் தூக்கி நிறுத்தினாள். அதற்குப் பிறகுதான் கத்தினாள்.

"தம்பிக்கு நாலு நாளா வயித்தால போகுது. கலங்கத் தண்ணி குடுக்காதண்டு உம்மா சொன்னாக. அதான் முந்திக் கோருனேன்."

"அத வாயத் தொறந்து சொன்னா என்னடி?" என்றாள் ராக்கு.

"நீங்க வாயத் தொறந்து கேட்டீகளாடி?"

அந்த இடத்திலேயே மூவரும் போட்ட சண்டையில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் மிரண்டு ஓடின. எப்போதும் பின்னாலிருந்து தள்ளுவது நான்தான் என்ற என் புகாரும், தன் குடத்தை ஓரத்திலேயே வைக்கிறோம் என்ற ராக்குவின் புகாரும் அன்றுதான் வெளியே வந்தன. தொண்டை வறண்டு நிறுத்தியபோது ஊற்றில் தெளிந்த தண்ணீர் ஊறியிருந்தது. அதை முதலில் மும்தாஜின் குடத்தில் கோரி ஊற்றினோம்.

அன்றைக்கே சட்டம் போட்டோம்: "சொல்லிட்டு ஏத்து." மனதில் இருப்பதைச் சொல்லித் தீர்க்காமல் யாரும் குடத்தை வண்டியில் ஏற்றக்கூடாது. அதற்குப் பிறகு நாங்கள் சண்டை போடாத நாள் குறைவு. யாரையும் விட்டுவிட்டுப் போன நாள் ஒன்றுகூட இல்லை.

இப்போது வீட்டுக்கு வீடு குழாய். வண்டி பழைய இரும்புக்குப் போய்விட்டது, ஊற்று இருந்த இடத்தில் கருவேலம் நிற்கிறது. போன மாதம் மும்தாஜின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதை வேறொருவர் சொல்லித்தான் அறிந்தேன். அவள் போன் செய்தபோது பட்டும் படாமலும் பேசினேன். என்ன என்று கேட்டாள். "ஒண்ணுமில்லடி, வேல" என்றேன்.

"ஏண்டி, சொல்லிட்டு ஏத்து" என்றாள்.

சொன்னேன். நேரில் வந்து சொல்வதற்காகத்தான் வைத்திருந்தாளாம். அரை மணி நேரம் நன்றாகச் சண்டை போட்டோம். வெள்ளிக்கிழமை ராக்குவும் நானும் கல்யாணத்துக்குப் போகிறோம். பந்தியில் தண்ணீர் வைக்கும் வேலை எங்களுக்காம். முதல் வரிசை யாருக்கு என்று ராக்கு இப்போதே சண்டையை ஆரம்பித்துவிட்டாள்.