இரண்டு கிலோ மண்ணும் ஒரு பூநாரையும்

கமரா வாங்கிய புதிதில், நான் எடுத்த முதல் பூநாரைப் படத்தை மனைவியிடம் பெருமையாகக் காட்டினேன். கையிலிருந்த ஐசிங்கைத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தாள்.

"இதில பூநாரை எங்க?"

"அந்த ரோஸ் புள்ளிகள்."

"ஐயோ, நான் ஊத்தை எண்டு நினைச்செல்லோ இவ்வளவு நேரமும் திரையைத் துடைச்சனான்!"

குற்றம் என்னுடையதல்ல, கமராவோடு இலவசமாக வந்த சின்ன லென்சுடையது என்று அந்த இடத்திலேயே தீர்ப்பு எழுதினேன். தூரத்துப் பறவையைக் கிட்ட இழுக்கும் சூம் லென்ஸ் வேண்டும். யூடியூபில் இரண்டு வாரம் படித்ததில் ஒன்று விளங்கியது: லென்சில் உள்ள எண் கூடக்கூடப் பறவை கிட்ட வரும். முந்நூறு, நானூறு, அறுநூறு என்று வரிசையாக இருந்தன. முந்நூறு சின்னப் பிள்ளைகளுக்கு. எனக்கு அறுநூறுதான் என்று முடிவு செய்தேன். எண்ணோடு சேர்ந்து பாரமும் கூடும் என்று சொன்ன இடங்களை வேகமாக ஓட்டிவிட்டேன்.

பாரம் வேறு வழியாக வீட்டுக்குள் வந்தது. நத்தார்ப் பண்டிகைக்குக் கனடாவிலிருந்து வரவிருந்த என் தங்கச்சி தொலைபேசியில் சொன்னாள்: "அண்ணா, உங்களுக்கும் மச்சாளுக்கும் சேர்த்து என்ர பெட்டியில ரெண்டு கிலோ இடம்தான் வைச்சிருக்கிறன். வெள்ளிக்கிழமைக்கு முதல் என்ன வேணும் எண்டு சொல்லிப்போடுங்கோ."

அறுநூறு லென்ஸ் தனியாகவே இரண்டு கிலோ. மனைவி கேட்டதோ கேக்கை வைத்துச் சுழற்றி ஐசிங் பூசும் இரும்புத் தட்டு; அது முக்கால் கிலோ. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் கோயிலில் முதல் நன்மை வாங்கும் நாள் கேக், கலியாணக் கேக் எல்லாம் அவள் கையால்தான். கவிழ்த்த சட்டியில் கேக்கை வைத்து, அதைச் சுற்றி அவளே நடந்து பூசுகிறாள். தட்டு சுழல வேண்டிய இடத்தில் ஆள் சுழல்கிறது. நியாயம் யார் பக்கம் என்பது எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் சத்தமாகக் கதைத்தேன்.

"அறுநூறு இல்லாமல் பறவைப் படம் எடுக்கிறது வலை இல்லாமல் கடலுக்குப் போற மாதிரியப்பா."

"ரெண்டு கிலோவைத் தூக்கிப் பிடிக்க உங்களால ஏலுமோ? மாப் பையைத் தூக்கினாலே குனிய ஏலாமல் நாரி நோகுது எண்டுறியள்."

"ஏன் ஏலாது!"

"அப்ப பிடிச்சுக் காட்டுங்கோ. பிடிச்சால் ரெண்டு கிலோவும் உங்களுக்கு. நான் வாய் திறக்கமாட்டன்."

பரீட்சையையும் அவளே அமைத்தாள். முழங்கை நீளத்தில் ஒரு பிவிசி பைப். அதற்குள் பக்கத்துக் கிராமமான கீரியின் கடற்கரை மண்ணை நிரப்பி, கேக் மா நிறுக்கும் தராசில் வைத்துச் சரியாக இரண்டு கிலோ ஆக்கி, இரு பக்கமும் மூடியிட்டாள். மேலே, வெள்ளித்தாள் சுற்றிவரும் மட்டைக் குழலை வைத்துக் கட்டினாள். அதற்குள்ளால் ஒரு பூநாரையைப் பார்க்க வேண்டும். மூன்று 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்லி முடியும்வரை பறவை குழலை விட்டு வெளியே போகக்கூடாது. முட்டை அவிப்பதற்கும் அவளுக்கு அதுதான் கணக்கு.

நடுவராகக் கீரியிலிருந்து தன் தம்பியை அழைத்தாள். கடலுக்குப் போகிறவன். பைப்பைக் கண்டதும், "அத்தான், ஆற்ற வீட்டுக்குத் தண்ணி லைன் போடப் போறியள்?" என்றான்.

மறுநாள் காலை அவனுடைய மோட்டார் சைக்கிளில், கடலுக்குக் குறுக்கே போகும் தாம்போதி வீதிக்குப் போய் இறங்கினோம். சேற்றோரமாக நடக்க நடக்க, தோளில் கிடந்த பைப் வளர்ந்துகொண்டே வந்தது. பூநாரைகள் தலையைத் தண்ணீருக்குள் விட்டுத் தங்கள் பாட்டில் மேய்ந்தன. தூக்கினேன். வாடைக்காற்று பைப்பைத் தள்ளியது. மச்சினன் செபத்தைத் தொடங்கினான். பெரிய வெள்ளிக்கிழமைப் பாட்டு மாதிரி இழுத்து இழுத்துச் சொன்னான். முதல் மரியே முடிவதற்குள் குழலுக்குள் பூநாரை இல்லை, சேறு தெரிந்தது. பிறகு என் சப்பாத்து தெரிந்தது.

"கெதியாச் சொல்லனடா!"

"செபத்தை ஓடி ஓடிச் சொல்லக்கூடாது அத்தான்."

"பொறு, ஒருக்கா ஒதுங்கிட்டு வாறன்."

"பைப்பையும் கொண்டே?"

"வைச்சிட்டுப் போனால் காத்து அடிச்சுக்கொண்டு போயிடும்."

உடைமரப் பற்றைக்குப் பின்னால் குந்தியிருந்து மூடியைத் திறந்தேன். கொஞ்சம் கொட்டினேன். தூக்கிப் பார்த்தேன்; இன்னும் பாரம். இன்னும் கொஞ்சம் கொட்டினேன். கை இது போதும் என்று சொன்னபோது மூடினேன்.

திரும்பி வந்து தூக்கியவன் வேறு மனிதன். ஒரு பூநாரை குழலுக்குள் வந்து நின்றது. அது நடக்க, நானும் அதோடு திரும்பினேன். மூன்று மரியேயும் முடிந்து, மச்சினன் வேண்டுமென்றே நாலாவதையும் சொன்னான். பறவை அப்போதும் உள்ளேதான் நின்றது.

"அத்தானுக்கு ஒதுங்கிட்டு வந்தாத்தான் பலம் வருது போல" என்று மட்டும் சொன்னான்.

வீட்டு வாசலிலேயே, "வென்றாச்சு!" என்று கத்தினேன். மனைவி பைப்பை வாங்கி நேரே தராசில் வைத்தாள். இந்த ஒரு காரியம் மட்டும் என் திட்டத்தில் இருக்கவில்லை.

ஒரு கிலோ இருநூறு கிராம்.

மச்சினன் கதிரையில் விழுந்து விழுந்து சிரித்தான். நான் சுவரில் இருந்த கலண்டரைக் கவனமாகப் படித்தேன். அவளுக்குக் கோபம் வந்த மாதிரித் தெரியவில்லை.

"தம்பி, இந்தப் பாரத்தோட பறவை உள்ளுக்க நிண்டதோ?"

"நிண்டதக்கா. அதில பொய் சொல்லக்கூடாது. நாலு மரியே சொன்னனான், அசையேல்ல."

அவள் என்னிடம் திரும்பினாள். "ஒரு கிலோ இருநூறில லென்ஸ் இருக்கோ?"

தொலைபேசியில் தேடினேன். இருந்தது. நூறிலிருந்து நானூறு வரை போகும் சூம், ஏறக்குறைய அதே பாரம். இரண்டு வாரம் நான் ஓட்டிவிட்ட காணொளிகளில், பழகுகிறவர்களுக்கு இதுதான் தோது, கையில் பிடித்தே எடுக்கலாம், பறவையை அகலமாக வைத்துக் கண்டுபிடித்துப் பிறகு கிட்ட இழுக்கலாம் என்று ஆளுக்கு ஆள் சொல்லியிருந்தார்கள்.

அவள் என் கையிலிருந்த தொலைபேசியை வாங்கித் தங்கச்சிக்குக் குரல் அனுப்பினாள். "மச்சாள், உங்கட அண்ணாவுக்கு நானூறு லென்ஸ் காணுமாம். மிச்ச எண்ணூறு கிராமுக்கு என்ர கேக் தட்டை வையுங்கோ."

"நல்ல காலம் அக்கா," என்றான் மச்சினன். "இன்னும் ஒரு மைல் நடத்தியிருந்தால் போன் கமராவே காணும் எண்டிருப்பார்."

பற்றைக்குப் பின்னால் குந்தியிருந்தபோது அந்த எண்ணம் எனக்கும் ஒருமுறை வந்துதான் போனது.